பயில்வோர் கையில் பிள்ளைகள்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்னும் பழமொழியை நாம் சிரித்துக்கொண்டே சொல்லுகிறோம். விவரம் அறிந்தவர்கள் உடனே திருத்துவார்கள். அது 'பேரை' அன்று, 'வேரை' என்பார்கள். ஆயிரம் மூலிகை வேர்களைக் களைந்து ஆராய்ந்தவனே அரை வைத்தியன் ஆகிறான் என்பதே அதன் முதற்பொருள் என்றும் விளக்குவார்கள். திருத்தம் சரியாகவே இருக்கட்டும். ஆயினும் மக்கள் நாவில் 'பேரை' என்னும் சொல்லே நிலைத்துவிட்டது. அதற்குச் செவிப்பிழை ஒன்றே காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. வைத்தியனின் கைத்திறனுக்கு யாரோ சிலர் தம் உடலால் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை மக்கள் உள்ளூர அறிந்திருக்கிறார்கள்.

தச்சன் மரத்தில் பழகுகிறான்; மரம் கோணிப்போனால் அடுப்புக்கு விறகாகும். குயவன் களிமண்ணில் பழகுகிறான். பானை சரிந்தால் மண் மீண்டும் சக்கரத்திற்கு வரும். ஆசிரியர் எதில் பழகுவது? பிள்ளையிடம்தான் பழக வேண்டும். பிள்ளையோ மீண்டும் சக்கரத்திற்கு வருவதில்லை. ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு விளங்காமற்போன ஓர் ஆண்டை அந்தச் சிறுவனுக்கு எவராலும் திருப்பித் தர இயலாது. ஆகவே நேர்மையுள்ள எவரும் கேட்டுத் தீரவேண்டிய வினா ஒன்று இருக்கிறது. இன்னும் முழுமையாக ஆசிரியராகாத ஒருவர், ஆசிரியர் ஆகும்பொருட்டு, பிறர் பெற்ற பிள்ளைகளிடம் பழகுவது முறையா? முறையெனில், எந்த நிபந்தனைகளின் கீழ் முறையாகும்?

முறையன்று என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நம் மரபு இடந்தரவில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரப் பகுதியில் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக்கினார். ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகியவற்றை உவமை சொன்னார். ஆனால் அதே பகுதியில் கற்கும் முறையைப் பற்றிப் பேசும்போது அவர் வியப்பான ஒரு கணக்கையும் தருகிறார். ஆசான் உரைப்பதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் சேரும்; உடன் கற்போரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு சேரும்; எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் வந்து நிறையும் என்கிறார். அப்படியானால், பிறர்முன் நின்று இன்னும் எடுத்துரைக்காதவர் பாதி நிரம்பிய குடமே ஆவார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கட்டடக் கலைஞன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டிலும் தம் அறநூலில் எழுதினார். வகுப்பில் நில்லாமல் ஆசிரியர் உருவாவதில்லை. ஆசிரியர் ஆகாதவர் வகுப்பில் நிற்பதும் தகாது. இந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி?

இது வெறும் ஏட்டு வினா அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவ்வினா சட்டமாகவும், பின்னர் நீதிமன்ற வழக்காகவும் உருவெடுத்தது. நம் நாட்டில் பேசப்படாமலே கடந்துபோகும் ஒரு செய்தி அங்கே வெளிப்படையாக வாதிடப்பட்டது. ஆகவே அதைச் சற்று விரிவாக நோக்குவது நமக்குப் பயன் தரும்.

அம்மாநிலத்தில் ஆசிரியத் தகுதிச் சான்று பெறுவதற்குப் பல்கலைக்கழகங்கள் வழியாக இரு பாதைகள் உண்டு. முதலாவது, நமக்கும் பழக்கமான பாதை. பட்டம் பெற்றவர் கல்வியியல் துறையில் சேர்ந்து படிக்கிறார். அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் வகுப்பில் அவர் கண்ணெதிரே நின்று கற்பித்துப் பழகுகிறார். இத்தகைய களப்பயிற்சி 600 மணி நேரம் இருக்கவேண்டும் என்பது விதி. வகுப்பின் பொறுப்பு பழைய ஆசிரியருடையது. பழகுபவருக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை.

இரண்டாவது பாதை, பல்கலைக்கழக இன்டர்ன்ஷிப் எனப்படும் பயிற்சிப்பணி. 1967 ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இப்பாதையில் வருபவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். தாம் கற்பிக்கப்போகும் பாடத்தில் புலமையை மெய்ப்பிக்க வேண்டும். குறைந்தது 120 மணி நேர முன்பயிற்சியை முடிக்க வேண்டும். அதன்பின் அவர் வகுப்பறைக்குள் நுழைவது துணைக்கு நிற்பவராக அன்று. அவரே அவ்வகுப்பின் ஆசிரியர். வருகைப் பதிவேடு அவர் கையில். மதிப்பெண் இடுவது அவர் பொறுப்பு. மாத ஊதியமும் அவருக்கு உண்டு. பகலில் கற்பிக்கிறார், மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பல்கலைக்கழகப் பாடங்களைப் படிக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் பயில்நிலைச் சான்று ஒன்று அவருக்கு வழங்கப்படுகிறது. அக்காலத்தில் ஆண்டுதோறும் 144 மணி நேர வழிகாட்டுதலும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது குறித்து மேலும் 45 மணி நேர உதவியும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று விதிகள் வகுத்துள்ளன. படிப்பு முடிந்ததும் அவர் முறையான தகுதிச் சான்றைப் பெறுகிறார்.

எண்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நாளுக்கு 6 மணி நேரமாகக் கொண்டால் 120 மணி நேரம் என்பது 20 நாள். அந்த 20 நாள் முடிந்ததும் ஒருவர் முப்பது பிள்ளைகளின் முன்னால் தனியே நிற்கிறார்.

இப்பாதையைக் கண்டித்துவிடுவது எளிது. ஆனால் அதைத் தேர்ந்துகொள்வோர் யாரென்றும் பார்க்க வேண்டும். குடும்பத்தைத் தாங்கும் கடமையுள்ளவர் ஓராண்டு ஊதியமின்றிப் பயிற்சிபெற எங்கே போவார்? நாற்பது வயதில் வேறு தொழிலை விட்டுக் கற்பிக்க வரும் தந்தை, பள்ளியில் உதவியாளராக இருந்துகொண்டே பட்டப்படிப்பை முடித்த தாய், புலம்பெயர்ந்து சென்று புதுநாட்டில் காலூன்ற முயலும் பட்டதாரி ஆகியோருக்கு இதுவே திறந்திருக்கும் வாசல். வாசலை அடைத்துவிட்டால், வீட்டில் வசதியுள்ளவர் மட்டுமே ஆசிரியராக இயலும். அதுவும் ஓர் அநீதியே. மேலும், இவர்கள் இல்லையேல் சில வகுப்பறைகளில் ஆசிரியரே இருக்கமாட்டார். நாளுக்கொருவராக வந்துபோகும் மாற்று ஆசிரியர்களே இருப்பார்கள். 1996 ஆம் ஆண்டு கலிபோர்னியா அரசு தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையை 20 ஆகக் குறைக்க முற்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் திடீரெனப் பல்லாயிரம் ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். வசதியான பகுதிப் பள்ளிகள் அனுபவமுள்ளவர்களை ஈர்த்துக்கொண்டன. ஏழ்மைப் பகுதிப் பள்ளிகளில் தகுதிச் சான்றில்லாதவர்கள் அவசர அனுமதியின்பேரில் நிரப்பப்பட்டனர்.

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. பழகுவதற்குப் பிள்ளைகள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் எந்தப் பிள்ளைகள்? சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் கலிபோர்னியாவின் பயில்நிலை ஆசிரியர்கள் எல்லாப் பள்ளிகளிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளிலேயே அவர்கள் மிகுதியாகக் குவிந்திருந்தனர். பழகும் காலத்தை ஏழைப் பிள்ளைகளிடம் கழித்துவிட்டுத் திறன் கைவந்ததும் வேறிடம் பெயர்ந்து செல்வோரும் உண்டு. அப்போது விலை கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்றாகிறது.

அந்நாட்டில் 2002 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் ஒன்று, முதன்மைப் பாடங்களைக் கற்பிக்கும் ஒவ்வொருவரும் 'உயர்தகுதி பெற்ற ஆசிரியர்' ஆக இருக்க வேண்டும் என்றும், அதற்கு மாநிலத்தின் முழுமையான தகுதிச் சான்றைப் பெற்றிருக்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால் நடுவண் கல்வித்துறை வகுத்த விதியோ, அச்சான்றைப் பெறும் வழியில் நன்கு முன்னேறி வருபவரையும் அப்பெயராலேயே அழைக்கலாம் என்று இசைவளித்தது. சில மாணவர்களும் பெற்றோரும் மக்கள் அமைப்புகளும் 2007 ஆம் ஆண்டு இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2009 இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், 2010 செப்டம்பரில் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. 'பெற்றவர்' என்று சட்டம் சொல்லியிருக்க, 'பெற்றுவருபவர்' என்று விதி எழுத இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இறந்தகாலத்திற்கும் நிகழ்காலத்திற்கும் உள்ள வேறுபாட்டை நம் பள்ளிப் பிள்ளைகள் இலக்கண வகுப்பில் படிக்கிறார்கள். அங்கே அந்த வேறுபாட்டின்மீது ஒரு நீதி நின்றது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தற்காலிக நிதிச் சட்டமொன்றில் ஒரு பிரிவைச் சேர்த்து, பழைய விதியைச் சில ஆண்டுகளுக்கு மீண்டும் செல்லுபடியாக்கிவிட்டது. பின்னர் 2015 இல் வந்த புதிய சட்டம் 'உயர்தகுதி' என்னும் அந்த நிபந்தனையையே நீக்கியது. எனினும் ஒன்றை விட்டுவைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான நடுவண் நிதியைப் பெறும் பள்ளிகளில், தம் பிள்ளைக்குக் கற்பிப்பவரின் தகுதி என்னவென்று கேட்டறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மாநிலம் வகுத்த தகுதியில்லாத ஒருவர் தொடர்ந்து நான்கு வாரங்கள் கற்பித்தால், பள்ளியே அதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்தப் பெற்றோர் பயில்நிலை ஆசிரியர்களை வெறுத்து வழக்காடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வழியில் நடப்பவரை ஊர் சேர்ந்தவர் என்று எழுதிவைக்காதீர்கள் என்பதே அவர்கள் முறையீடு. பெயர் பொய்யானால் குறை மறைந்துவிடும். குறை மறைந்துவிட்டால் அதைத் தீர்க்க எவரும் முன்வரமாட்டார்கள்.

இனி இதை நம் மறைப்படிப்பினையின் ஒளியில் நோக்குவோம். மனிதன் ஒருவனே இறைவன் அவனுக்காகவே விரும்பிப் படைத்த உயிர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தது. ஆகவே எந்தப் பிள்ளையும் மற்றொருவரின் பயிற்சிக்கு வெறும் கருவியாகிவிட முடியாது. வகுப்பறையில் யாருடைய நன்மை முதலாவது என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. பயில்பவரின் வளர்ச்சி பிள்ளையின் வளர்ச்சியோடு சேர்ந்து வரலாம். பிள்ளையின் இழப்பிலிருந்து அது வரக்கூடாது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். தூய தோமா அக்குவினார், ஆசிரியரைப் பற்றிய தம் ஆய்வில், கற்பித்தலை மருத்துவத்தோடு ஒப்பிட்டார். நோயைத் தீர்ப்பது உடலின் இயற்கையே. மருத்துவர் அதற்குத் துணை நிற்கிறார். அவ்வாறே அறிவை ஈட்டுவது இறைவன் பிள்ளைக்குள் ஏற்றிவைத்த அறிவொளியே. ஆசிரியர் புறத்தேயிருந்து துணைபுரிகிறார். அப்படியெனில் பயில்பவரின் தடுமாற்றத்தையும் கடந்து பிள்ளை கற்றுக்கொள்ளும் அன்றோ? சில பிள்ளைகள் அவ்வாறு கற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் அதே ஒப்புமை நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. வலுவான உடல் தவறான மருந்தையும் தாங்கும். நலிந்த உடல் தாங்காது. வீட்டில் படித்த தாயும் புத்தக அலமாரியும் உள்ள பிள்ளை பயில்பவரின் பிழையைத் தாங்கிக்கொள்ளும். பள்ளியைத் தவிர வேறு துணையற்ற பிள்ளை எதைக் கொண்டு தாங்கும்? ஆயினும் பழகுவோரை நாம் அனுப்புவது பெரும்பாலும் அந்த நலிந்த பிள்ளையிடமே. அக்குவினார் மேலும் ஒன்றைச் சொல்லுகிறார். கற்பிப்பவரிடம் அறிவு முழுமையாக நிலைபெற்றிருக்க வேண்டும் என்கிறார். பாதியை வைத்திருப்பவர் மீதியை யாரிடமிருந்து கடன்வாங்கிக் கொடுப்பார்?

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இதற்கு விடை காட்டுவதாக நான் கருதுகிறேன். சீடர்கள் ஏற்கெனவே இருவர் இருவராக அனுப்பப்பட்டவர்கள். தீய ஆவிகளை ஓட்டியவர்கள். திரும்பிவந்து தாம் செய்ததையும் கற்பித்ததையும் ஆண்டவரிடம் அறிவித்தவர்கள். பயிற்சிக் காலத்தில் இருந்தவர்கள் என்றே சொல்லலாம். ஆண்டவர் மூவரை அழைத்துக்கொண்டு மலைமேல் சென்றிருக்கிறார். அவ்வேளையில் ஒரு தந்தை, தீய ஆவியால் அலைக்கழிக்கப்படும் தம் மகனைக் கொண்டுவருகிறார். சீடர்கள் முயலுகிறார்கள், இயலவில்லை. மறைநூல் அறிஞர் வந்து சேருகிறார்கள், வாதம் எழுகிறது, கூட்டம் கூடுகிறது. அத்தனை பேர் வாதத்திற்கும் நடுவே அந்தப் பிள்ளையின் துன்பம் தீராமலே இருக்கிறது. அந்தத் தந்தை ஆண்டவரிடம் சொல்லும் முறையீட்டில் மரியாதை உண்டு, வேதனையும் உண்டு. உம் சீடர்களைக் கேட்டேன், அவர்களால் முடியவில்லை என்கிறார்.

ஆண்டவர் என்ன செய்தார்? அவர் நொந்துகொள்கிறார், கடிந்தும் பேசுகிறார். ஆனால் பிள்ளையைத் தம்மிடம் கொண்டுவரச் சொல்லுகிறார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தந்தையிடம் கேட்டறிகிறார். நம்பவும் நம்பமுடியாமலும் தவிக்கும் அந்தத் தந்தையின் நெஞ்சைத் தாங்கிக்கொள்கிறார். பிள்ளையைக் குணப்படுத்திக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். அதன்பின்னரே, வீட்டிற்குள் வந்தபின், தனிமையில், தங்களால் ஏன் இயலவில்லை என்று சீடர்கள் கேட்கிறார்கள், அவரும் விளக்குகிறார். இந்த வரிசையை உற்று நோக்க வேண்டும். முதலில் பிள்ளை, அடுத்துப் பெற்றவர், அதன்பின் பயில்வோரின் பாடம். அப்பாடமும் ஊரார் முன்னிலையில் அன்று, வீட்டிற்குள். அவர் சீடர்களின் பயிற்சியை நிறுத்திவிடவும் இல்லை. பின்னர் அவர்களையே உலகெங்கும் அனுப்பினார். ஆனால் அவர்களுடைய தோல்வி அந்தச் சிறுவனின் முடிவாகிவிட அவர் விடவில்லை.

ஆகவே, பிறர் பிள்ளைகளிடம் பழகுவது முறையாக மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பேன்.

முதலாவது, பிள்ளையைத் தம் கையில் ஏற்றுக்கொள்ள வல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கலிபோர்னிய விதி கூறும் 144 மணியையும் 45 மணியையும் கூட்டினால் 189 மணி நேரம். அதை 180 பள்ளி நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். விதி உண்மையாகவே நிறைவேற்றப்படும் பள்ளியில் அந்த ஒரு மணி நேரம் பலரைக் காப்பாற்றும். ஆனால் வழிகாட்டி ஆசிரியருக்கே முழு நேர வகுப்புகள் இருந்து, கையொப்பம் மட்டும் இடப்படும் இடத்தில் அது வெறும் எண்ணாகவே எஞ்சும். ஏட்டில் எழுதிய மணிகள் எந்தப் பிள்ளையையும் தூக்கிவிடுவதில்லை.

இரண்டாவது, உண்மை சொல்லப்பட வேண்டும். இதில் திருச்சபையின் நடைமுறை நமக்கு நல்லதொரு பாடம். 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, படிப்பை முடித்த திருத்தொண்டர், குருப்பட்டம் பெறுமுன் தகுந்த காலம் மேய்ப்புப்பணியில் ஈடுபட வேண்டும். அவர் மறையுரை ஆற்றுகிறார், திருமுழுக்கு அளிக்கிறார். ஆயினும் அவரை எவரும் குரு என்று அறிமுகம் செய்வதில்லை. அவருக்கெனத் தனிப்பெயரும், தோளில் குறுக்காக அணியும் தனி அடையாளமும் உண்டு. ஒப்புரவு அருளடையாளத்திற்கு அவரிடம் எவரும் செல்வதில்லை. அது அவருக்கு இழிவும் அன்று. வழியில் இருப்பதை மறைக்கத் தேவையில்லாதபோதுதான் வழியில் இருப்பவரால் அச்சமின்றிக் கற்க முடிகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், உதவி கேட்கவும் அவருக்கு வாய் திறக்கிறது.

மூன்றாவது, சுமை பகிரப்பட வேண்டும். எல்லாத் தலைமுறைக்கும் புதிய ஆசிரியர்கள் வேண்டுமென்றால், அவர்களை உருவாக்கும் சுமையை எல்லாப் பிள்ளைகளும் சிறிது சிறிதாகத் தாங்கட்டும். செல்வர் பிள்ளைகளுக்குத் தேர்ந்தவர், எளியவர் பிள்ளைகளுக்குப் பழகுபவர் என்ற ஏற்பாட்டிற்கு எந்தச் சட்டம் இசைந்தாலும் நற்செய்தி இசையாது. தூய லசால் அருளப்பர் 1685 இல் பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியர்களுக்கெனப் பயிற்சி நிலையம் தொடங்கியதை எண்ணிப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளுக்குத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும் என்ற தணியாத வேட்கையே அவரை அதற்குத் தூண்டியது. 1950 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தபோது, அந்த வேட்கைக்கும் திருச்சபை முத்திரையிட்டது என்று கொள்ளலாம்.

வாசக அன்பர்களே, இது கடல்கடந்த நாட்டின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நாட்டில் 2014 ஆம் ஆண்டின் விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கி, அதில் 20 வாரங்களைப் பள்ளிக் களத்திற்கென ஒதுக்கின. விதி நன்று. ஆனால் நம் பள்ளிகளில் நிகழ்வது என்ன? பயிற்சி ஆசிரியர்கள் வரைபட அட்டைகளோடும் பாடக் குறிப்பேடுகளோடும் வந்துசேர்ந்ததும், வகுப்பாசிரியர் மகிழ்ச்சியோடு ஓய்வறைக்குச் செல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி ஐம்பது பிள்ளைகளின் முன்னால் குரல் நடுங்க நிற்க, அவளருகே இருக்கவேண்டியவர் அங்கில்லை. வாரக்கணக்கின் இறுதியில் குறிப்பேட்டில் கையொப்பம் மட்டும் விழுகிறது. பள்ளிக்கே வராதவருக்கும் அக்கையொப்பம் சில இடங்களில் கிடைத்துவிடுகிறது. கையொப்பம் என்பது சான்று பகர்தல். நடவாத பயிற்சி நடந்ததாகச் சான்று பகர்வது எந்தக் கட்டளைக்கு எதிரானது என்று மறைக்கல்வி வகுப்புச் சிறுவனும் சொல்வான்.

2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குக் குறைந்தபட்சத் தகுதியைக் கோரியது. தகுதியின்றி ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு 2019 மார்ச் 31 வரை காலநீட்டிப்புத் தர 2017 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாறு நீட்டிக்க நேர்ந்ததிலிருந்தே, எத்தனை வகுப்பறைகளில் பயிலாதவரே கற்பித்துவந்தனர் என்பதை உணரலாம். பெற்றோரில் எத்தனை பேருக்கு அது சொல்லப்பட்டது?

சுமையின் பகிர்வையும் பார்ப்போம். பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பிற்கும் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் மூத்த ஆசிரியரை வைக்கிறோம். புதிதாக வந்தவரை ஆறாம் வகுப்பின் கடைசிப் பிரிவிற்கு அனுப்புகிறோம். அந்தப் பிரிவில் இருப்போர் யார் என்பது ஊரறிந்த செய்தி. நம் மறைமாவட்டப் பள்ளிகளும் இவ்வழக்கத்திற்குப் புறம்பானவை அல்ல. தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பதற்காக நாம் செய்யும் இவ்வேற்பாடு, அடித்தளம் இடவேண்டிய வயதில் எளிய பிள்ளைகளைப் பழகுவோரிடம் தனியே விட்டுவிடுகிறது. மூத்த ஆசிரியர் ஒருவர் வாரத்தில் மூன்று வகுப்பு வேளைகளேனும் புதியவரோடு சேர்ந்து அந்தக் கடைசிப் பிரிவில் அமரட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தலைமையாசிரியர் வரையும் கால அட்டவணையில் ஒரு மாற்றம் போதும். பள்ளித் தாளாளர்களாக இருக்கும் நாங்கள் அதற்கு இசைந்து, மூத்தவரின் பணிச்சுமையைக் குறைத்துத் தருதல் வேண்டும். அதற்கு ஆகும் செலவை வீண்செலவு என்று எழுதிவிடக் கூடாது.

பயிலும் நிலையில் உள்ள இளம் ஆசிரியருக்கும் ஒரு சொல். போதிப்போர் மிகுதியான தீர்ப்புக்கு உள்ளாவர் என்று தூய யாக்கோபு தம் மடலில் எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை அச்சுறுத்தி ஓட்டுவதற்கு அன்று. ஏறத்தாழ 400 ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தேயோகிராசியாஸ், புதிதாக மறை கற்க வருவோருக்குத் தாம் ஆற்றும் உரை தமக்கே சலிப்பூட்டுகிறதே என்று வருந்தி தூய அகுஸ்தினாருக்கு எழுதினார். அதற்கு மறுமொழியாக அகுஸ்தினார் ஒரு நூலையே எழுதி அனுப்பினார். தம் உரையும் பெரும்பாலும் தமக்கு நிறைவளிப்பதில்லை என்று அவருக்கு ஆறுதல் கூறினார். எப்படிப் பேசலாம் என்று மாதிரி உரைகளையும் எழுதிக் காட்டினார். கேட்பவரின் சோர்வைக் கண்டால் அவருக்கு ஓர் இருக்கை தரவும் சொன்னார். மாபெரும் ஆயர் ஒருவர், தொடக்க நிலையில் தடுமாறும் ஒருவருக்காக இத்தனை நேரத்தைச் செலவிட்டார். அப்படி ஒருவர் தமக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது புதிய ஆசிரியரின் உரிமை. அவ்வாறு கேட்பதனால் அவர் தகுதி குறைந்துவிடாது.

பெற்றோராகிய உங்களுக்கு உள்ள பங்கும் சிறிதன்று. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் உங்கள் பிள்ளையின் வகுப்பிற்குப் புதியவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று அறிந்தால், முகம் சுளித்துப் பிரிவு மாற்றக் கேட்டுத் தலைமையாசிரியரிடம் ஓடாதீர்கள். உங்கள் பிள்ளையை மாற்றிக்கொண்டால் அந்த இடத்தில் கேட்க நாதியற்ற மற்றொரு பிள்ளை அமரும். மாறாக, அந்தப் புதியவரைச் சந்தித்து வணக்கம் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளை எதில் இடறுகிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அதன்பின் தலைமையாசிரியரிடம் சென்று, "இவரோடு வகுப்பில் அமர்பவர் யார்?" என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்காக மட்டுமன்றி அந்தப் பிரிவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்காகவும் கேளுங்கள். விடை வரும்வரை ஆண்டுதோறும் கேளுங்கள்.